படைக்கு ஒரு குறைதீர்ப்பாளர்: ஜெர்மனி, பிரிட்டன், கனடா அலுவலகங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

வங்கிக் குறைதீர்ப்பாளர், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் எல்லாம் நமக்குப் பழகிப்போன பதவிகள். ராணுவத்துக்கு அப்படி ஒருவரை அமர்த்துவது வேறு மாதிரியான வேலை. வங்கி பிடிக்காவிட்டால் கணக்கை மூடிவிட்டு எதிர்த்தெருவில் இருக்கும் வங்கிக்குப் போகலாம். சிப்பாய்க்கு எதிர்த்தெரு இல்லை. சம்பளம், விடுப்பு, இடமாற்றம், வைத்தியம், குடியிருக்கும் வீடு எல்லாமே ஒரே கையிலிருந்து வருகின்றன. அவர் கொடுக்கும் புகாரை வாங்கிக்கொள்ளும் அதிகாரிதான் பெரும்பாலும் பதவி உயர்வுக்கான அவருடைய ஆண்டு மதிப்பீட்டையும் எழுதுகிறார். அதனால் வெளியாள் ஒருவர் தேவை. அந்த வெளியாளை யார் தேடுகிறார், யார் அமர்த்துகிறார் என்பதில்தான் இந்தச் சேவையின் தரம் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

இங்கே மூன்று நாடுகளின் அலுவலகங்களை எடுத்துக்கொண்டோம். எவ்வளவு மரியாதையாகப் பதில் எழுதுகிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் ஆளை உட்காரவைப்பது யார், எழுப்பி அனுப்புவது யார், சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, அறிக்கை முதலில் யார் மேசைக்குப் போகிறது, நாற்காலி காலியானால் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்த்தோம்.

முதலில் ஜெர்மனி. இந்த வகையில் மற்றவர்கள் அளவெடுப்பது இந்த அலுவலகத்தை வைத்துத்தான். யோசனை ஸ்வீடனுடையது. அங்கே 1915-லேயே படைக்கென்று தனிக் குறைதீர்ப்பாளர் இருந்தார். 1968-ல் அந்தப் பதவியைப் பொதுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தோடு இணைத்துவிட்டார்கள். நார்வே 1952-ல் தொடங்கியது. ஹிட்லர் காலத்துப் படையின் நினைவு ஆறாத மேற்கு ஜெர்மனி, புதிய படையைக் கட்டும்போதே 1956-ல் தன் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தில் 45பி என்ற பிரிவைச் சேர்த்தது. வீரர்களின் அடிப்படை உரிமைகளைக் காக்கவும், படையை நாடாளுமன்றம் கண்காணிப்பதற்கு உதவவும் ஒரு பதவி என்பது அதன் சாரம். 1957-ல் தனிச் சட்டம் வந்தது. முதல் ஆள் 1959-ல் பொறுப்பேற்றார்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை மிக எளிது, அதனாலேயே உறுதியானது. பெயரை முன்மொழிய நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவுக்கும், கட்சிக் குழுக்களுக்கும், ஒரு கட்சிக் குழு அளவுக்குச் சேர்ந்த உறுப்பினர்களுக்கும் உரிமை உண்டு. அமைச்சருக்கு அந்த உரிமை இல்லை. விவாதமே இல்லாமல் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். பதவிக்காலம் 5 ஆண்டு, மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம். வயது 35 நிறைந்திருக்க வேண்டும், வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் மத்திய அமைச்சருடையதில் 75 சதவீதம் என்று சட்டமே சொல்லிவிடுகிறது, ஆகவே யாரும் பேரம் பேச வேண்டியதில்லை. செலவு நாடாளுமன்றத்தின் வரவு செலவுக் கணக்கில் வருகிறது. நீக்குவதென்றாலும் அதே நாடாளுமன்றம், அதே பெரும்பான்மை. பாதுகாப்பு அமைச்சருக்கு இந்த வரிசையில் எங்குமே இடமில்லை.

கையில் இருக்கும் கருவிகளும் கூர்மையானவைதான். எந்தப் படைப்பிரிவுக்கும் எந்த நேரத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாம். அமைச்சகத்திடமும் அதன் கீழுள்ள எல்லா அலுவலகங்களிடமும் கோப்பு கேட்கலாம். கட்டாய ரகசியக் காரணம் இருந்தால் மட்டுமே தர மறுக்கலாம். அந்த முடிவை அமைச்சரோ அவருடைய நிரந்தரப் பிரதிநிதியோ தாமே எடுத்து, பாதுகாப்புக் குழுவின் முன் நியாயப்படுத்த வேண்டும். கீழ்மட்ட அதிகாரி 'முடியாது' என்று முத்திரை குத்திவிட்டு ஒதுங்க வழியில்லை. இந்த ஒரு விதி பத்து விதிகளுக்குச் சமம்.

பயன்படுத்தப்போகும் வீரர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. மேலதிகாரிக்குத் தெரியாமலேயே நேரடியாக எழுதலாம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். பத்துப் பேர் கையெழுத்திட்ட கூட்டு மனுவுக்கு அந்த உரிமை இல்லை. பெயரில்லாத கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் காப்பாற்றுவார்கள். பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். இந்த அலுவலகத்துக்கு எழுதிவிட்டால் முறையான புகாரும் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. படைக்குள் கொடுக்கும் முறையான புகாருக்குத் தனிச் சட்டம், தனிக் கெடு. சம்பவம் நடந்த பிறகு ஓர் இரவாவது கழிய வேண்டும், ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த ஓர் இரவு எதற்கென்றால், சூடு தணியட்டும் என்பதற்குத்தான். குறைதீர்ப்பாளரின் பதிலுக்காகக் காத்திருந்து அந்த ஒரு மாதத்தைத் தொலைத்தால் முறையான வழி அடைபட்டுவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில் அனுப்புவதே புத்திசாலித்தனம்.

குறை என்ன? உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. கேட்கலாம், பரிந்துரைக்கலாம், ஆண்டறிக்கையில் எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த அறிக்கைக்குக் கனம் உண்டு. படைமுகாம்களின் நிலை பற்றி, இப்போதிருக்கும் வேகத்தில் போனால் எல்லாவற்றையும் சீராக்க அரை நூற்றாண்டு ஆகும் என்று அப்போதைய குறைதீர்ப்பாளர் ஏவா ஹேகல் 2023-ல் எழுதியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. இன்னொரு குறை, தேர்வு முறையிலேயே இருக்கிறது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது என்றால் ஆளும் கூட்டணி பேசி முடிக்கிறது என்று பொருள். 2020-ல் பதவியில் இருந்த ஹான்ஸ் பீட்டர் பார்டெல்ஸ் நன்றாகச் செய்கிறார் என்று பரவலான பெயர் இருந்தும் அவருடைய சொந்தக் கட்சியே அவரை மறுபடி நிறுத்தவில்லை. ஹேகலை நிறுத்தியது. அந்த இடத்தை எதிர்பார்த்திருந்த அதே கட்சியின் யோஹானஸ் கார்ஸ் பதவிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். 2025-ல் கூட்டணி மாறியது, ஹென்னிங் ஓட்டே வந்தார். அமைச்சரிடமிருந்து முழு விலக்கு உண்டு, கட்சிக் கணக்கிலிருந்து இல்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

பிரிட்டனின் கதை பழுது பார்த்துப் பார்த்து ஓடிய வண்டியின் கதை. சர்ரே மாவட்டத்து டீப்கட் முகாமில் 1995 முதல் 2002 வரை இளம் வீரர்கள் நான்கு பேர் துப்பாக்கிக் காயத்தால் இறந்தார்கள். அதை ஆராய்ந்த வழக்கறிஞர் நிக்கலஸ் பிளேக் 2006 மார்ச்சில் கொடுத்த அறிக்கை, சுதந்திரமான படைக் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்றது. அரசு கொடுத்ததோ அதில் பாதி. 2008 தொடக்கத்திலிருந்து இயங்கிய 'பணிப் புகார் ஆணையர்', வந்த புகாரை அதே படை அதிகாரிகளிடம் தள்ளிவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். தாமே விசாரிக்க முடியாது. பெட்டியின் மேல் குறைதீர்ப்பாளர் படம், உள்ளே தபால்காரர் என்ற கதைதான். 2015-ல் சட்டம் திருத்தி, 2016 ஜனவரி 1 முதல் உண்மையான குறைதீர்ப்பாளர் பதவி வந்தது. ஆணையராக இருந்த நிக்கலா வில்லியம்ஸே முதல் குறைதீர்ப்பாளர் ஆனார்; 2021-ல் மரியெட் ஹ்யூஸ் வந்தார்.

இதில் புகார் நகரும் வழி இது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாகுபாடு தொடர்பான புகாருக்கு 6 மாதம். நடந்தது என்ன, எந்தத் தேதியில், யாரால், என்ன பரிகாரம் வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'நியாயம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் முடிவெடுப்பவருக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. 'இந்த ஆண்டின் மதிப்பீட்டை நீக்கிப் புதிதாக எழுத வேண்டும்', 'இத்தனை மாதப் படித்தொகை வர வேண்டும்' என்று எழுத வேண்டும். முதலில் ஓர் அதிகாரி அது ஏற்கத்தக்கதா என்று பார்ப்பார். பிறகு முடிவெடுக்கும் அமைப்பு, அதன் பிறகு மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 6 வாரம் என்று இருந்த காலத்தை 2021-ல் வந்த சட்டம் சுருக்கிவிட்டது. முகாமில் கைமாறும் பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு நாள் எண்ணினால் மோசம் போக வேண்டியதுதான். முடிவுக் கடிதத்தில் இருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள்.

குறைதீர்ப்பாளர் உள்ளே வரும் வாசல்கள் நான்கைந்து. மேலதிகாரியிடம் நேரில் கொடுக்கப் பயமாக இருந்தால் குறைதீர்ப்பாளர் மூலம் அனுப்பலாம். ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளியதை மறுபார்வை செய்வார். காரணமில்லாமல் இழுத்தடிப்பதை விசாரிப்பார், இதற்கு மட்டும் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லாப் படியும் முடிந்த பிறகு, புகாரைக் கையாண்ட விதத்தையும் புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரிப்பார். பரிந்துரையைப் படைகளின் மேலிருக்கும் பிரிட்டனின் பாதுகாப்பு கவுன்சில் ஏற்காவிட்டால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது புகார்களை 24 வாரத்துக்குள் முடிப்பது என்று படைகளுக்கு இலக்கு உண்டு. அதை எட்டாததைப் பற்றியும், பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் புகார் தருவதைப் பற்றியும் ஆண்டறிக்கைகள் சலிக்காமல் எழுதிவந்தன. புகார் முறை திறம்படவும் நியாயமாகவும் நடக்கிறதென்று சான்று தர முடியவில்லை என்று வில்லியம்ஸ் ஆண்டுக்காண்டு எழுதினார். அப்படி எழுத முடிந்ததே இந்த அலுவலகத்தின் நல்ல குணம் என்பேன்.

ஆள் எடுக்கும் முறை? பதவியை விளம்பரம் செய்கிறார்கள், தேர்வுக் குழு நேர்காணல் நடத்துகிறது, பாதுகாப்பு அமைச்சர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பெயரை நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு அழைத்துக் கேள்வி கேட்கிறது, மன்னரின் பெயரால் நியமனம் நடக்கிறது. படையிலும் துணைப் படையிலும் பணியில் இருப்பவரும் அரசு ஊழியரும் இந்தப் பதவிக்கு வர முடியாது. வெளிப்படையாக விளம்பரம் செய்வது ஜெர்மனியில் இல்லாத நன்மை: கட்சியில் இல்லாத வழக்கறிஞருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் குழுவின் கருத்து அமைச்சரைக் கட்டுப்படுத்தாது. பணமும் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்துதான் வருகிறது. புகாருக்கு உள்ளாகும் வீட்டுக்காரரே நடுவருக்குச் சாப்பாடு போடும் ஏற்பாடு.

2025 செப்டம்பர் 3-ல் மன்னரின் ஒப்புதல் பெற்ற புதிய சட்டம் இந்தப் பதவியை நீக்கிவிட்டுப் 'படைகள் ஆணையர்' ஒருவரைக் கொண்டுவருகிறது. ஜெர்மனியைப் பார்த்துச் செய்ததுதான், ஒளிக்கவும் இல்லை. தனிப் புகார் வராமலேயே குடியிருப்பு, உணவு, துன்புறுத்தல் போன்ற பொது நலப் பிரச்சினைகளைத் தாமே கையில் எடுக்கலாம். வீரர்களின் குடும்பத்தாரும் நேரடியாக அணுகலாம். நாட்டுக்குள் இருக்கும் முகாமுக்கு அறிவித்துவிட்டுப் போகலாம். அறிவித்தால் போகும் நோக்கமே கெட்டுவிடும் என்றால் அறிவிக்காமலும் போகலாம். நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி நுழைவைத் தடுக்கவும், அறிக்கையில் பகுதிகளை நீக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது. நியமனப் பரிந்துரையும் அவருடையதே. பழைய பதவிக்கு இரண்டரை மதிப்பெண். புதியதற்கு இப்போது மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

கனடா அலுவலகத்தைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் வாசல் மிக அகலமானது. இப்போதைய வீரர், ஓய்வு பெற்றவர், சேர விண்ணப்பித்தவர், குடும்பத்தார், மாணவர் படையினர், அமைச்சகத்தின் சிவில் ஊழியர் என எல்லோரும் வரலாம். மற்ற இரு நாடுகளிலும் இவ்வளவு பேர் நுழைய முடியாது. சோமாலியாவில் 1993-ல் கனடியப் படையினர் நடந்துகொண்ட விதம் பற்றிய விசாரணை ஆணையத்தின் பின்விளைவாக 1998-ல் இந்த அலுவலகம் வந்தது. முதல் ஆள் ஆந்த்ரே மரேன். ஆனால் இந்த அலுவலகத்துக்குத் தனிச் சட்டமே இல்லை. அமைச்சரின் ஆணைக் குறிப்பில்தான் அது நிற்கிறது. அமைச்சரவை நியமிக்கிறது, குறைதீர்ப்பாளர் அமைச்சரிடம் அறிக்கை கொடுக்கிறார். ஆள் எடுப்பதற்கும் செலவு செய்வதற்குமான அதிகாரம் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சரிடமிருந்து, அதாவது நம் ஊர்க் கணக்கில் துறைச் செயலரிடமிருந்து, இறங்கி வருகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

இந்த அமைப்பு எங்கே உடையும் என்பதை 2018 மார்ச் காட்டியது. அப்போதைய குறைதீர்ப்பாளர் கேரி வால்போர்ன், தலைமைத் தளபதி ஜோனத்தன் வான்ஸ் மீதான தகாத நடத்தைக் குற்றச்சாட்டு பற்றிய ஆதாரத்தை அமைச்சர் ஹர்ஜித் சஜ்ஜனிடம் கொண்டுபோனார். அமைச்சர் அதைப் பார்க்க மறுத்துவிட்டார் என்று 2021-ல் நாடாளுமன்றக் குழுமுன் அவர் சாட்சியம் சொன்னார். அரசியல்வாதி விசாரணையில் கை வைக்கக் கூடாது என்பதாலேயே பார்க்கவில்லை என்பது அமைச்சரின் விளக்கம். யார் சொல்வது சரி என்பதை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் பாருங்கள். குறைதீர்ப்பாளருக்குப் போக வேறு வாசலே இல்லை. ஜெர்மனியில் என்றால் நேரே பாதுகாப்புக் குழுவுக்குப் போயிருக்கலாம். வால்போர்னுக்குப் பிறகு வந்த கிரெகரி லிக், சட்டம் போட்டு நாடாளுமன்றத்தின் கீழ் கொண்டுவாருங்கள் என்று 2021-ல் வெளிப்படையாகவே கேட்டார். அவர் 2024-ல் விடைபெற்றபோது இடைக்காலப் பொறுப்பாளரை வைத்துத்தான் வண்டி ஓடியது.

இடைக்காலம் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அப்படியல்ல. நிரந்தரமாக்குவார்களா என்று காத்திருப்பவர், யார் நிரந்தரமாக்கப் போகிறாரோ அவரைச் சுடும்படியான அறிக்கையை எழுதத் தயங்குவது மனித இயல்பு. ஜெர்மன் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது: அலுவலகத்தின் மூத்த அதிகாரி, புதியவர் வரும்வரை எல்லா அதிகாரங்களையும் செலுத்தலாம், முகாமுக்குள் திடீரென்று நுழையும் உரிமை ஒன்றைத் தவிர. அது குறைதீர்ப்பாளரின் தனிப்பட்ட உரிமை. அவரால் 3 மாதத்துக்கு மேல் பணி செய்ய இயலாமல் போனால் பாதுகாப்புக் குழு அந்த உரிமையையும் மூத்த அதிகாரிக்குத் தரலாம். கனடாவுக்கு வாசல் அகலத்தில் நான்கு, பூட்டில், அதாவது சுதந்திரத்துக்கான காவலில், ஒன்று.

இப்படி ஒரு பதவிக்குப் புதிதாக ஆள் தேடும் நாடு விளம்பரத்தில் எழுதும் முதல் வரியே தகராறில் முடியும்: படையில் இருந்தவர் வேண்டுமா, வேண்டாமா? ஜெர்மனி 1990 வரை ஓராண்டுப் படைப் பணியைக் கட்டாயமாக வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. 1995-ல் முதல் பெண் குறைதீர்ப்பாளராக கிளேர் மரியன்ஃபெல்ட் வர முடிந்தது அதனால்தான். கனடா 2009-ல் ஓய்வுபெற்ற தளபதி பியேர் டேக்லை எடுத்தது. முன்னாள் அதிகாரிக்கு முகாமின் மொழி தெரியும், எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று தெரியும். ஆனால் யார் மீது புகார் வருகிறதோ அவரோடு பயிற்சிப் பள்ளியில் ஒன்றாக உண்டவராகவும் இருப்பார். எங்கள் கணக்கில், தலைவர் வெளியாளாகவும் அவருக்கு அடுத்த நிலையில் இரண்டு பேர் படைக் கோப்பு அறிந்தவர்களாகவும் இருப்பதே வேலைக்கு ஆகும். அந்த இரண்டு பேரும் அமைச்சகத்திலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்டவர்களாக இருக்கக் கூடாது. திரும்பிப் போக வேண்டிய வீட்டைப் பற்றி யாரும் கடுமையாக எழுத மாட்டார்கள்.

காலக் கணக்கும் முக்கியம். இந்தப் பதவிக்கு வருபவருக்கு உயர்மட்டப் பாதுகாப்புச் சரிபார்ப்பு வேண்டும், அதற்கே மாதக்கணக்கு பிடிக்கும். பழையவரின் காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது விளம்பரம் போட்டால் நாற்காலி கட்டாயம் காலியாகும். ஒன்பது மாதம் முன்னால் தொடங்குவது நல்லது. மறுநியமனத்தை முற்றாக விலக்கி ஒரே ஏழாண்டு என்று வைத்தால், நான்காம் ஆண்டில் அறிக்கை மென்மையாகும் நோய் வராது. இந்த மூன்று நாடுகளில் ஒன்றும் அப்படிச் செய்யவில்லை.

நேர்காணலில் கேட்க ஒரு கேள்வி போதும் என்றால் இதைக் கேட்கலாம்: அமைச்சர் உங்கள் அறிக்கையைப் படிக்க மறுத்தால் அடுத்த நாள் காலையில் யாருக்குப் போன் செய்வீர்கள்? ஜெர்மனியில் விடை சட்டத்திலேயே இருக்கிறது. கனடாவில் விண்ணப்பிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரியான விடை இல்லை. பிரிட்டனில் புதிய ஆணையரின் முதல் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு அமைச்சர் கை வழியாகத்தான் போக வேண்டும். கொடுத்த நாளும், மேசையில் வைக்கப்பட்ட நாளும், நடுவில் நீக்கப்பட்ட பத்திகளும்தான் அங்கே முதலில் பார்க்க வேண்டியவை.